ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவள்

நான் வேலை பார்த்த பள்ளியில் மூன்றரை ஆண்டுகளாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பெண் ஒருத்தி இருந்தாள். அவளைப் பள்ளிக்கு வராமல் செய்தது நான்தான். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டே பாதிவரை வந்துவிடுவீர்கள்.

நான் ஆசிரியை இல்லை, அலுவலக எழுத்தர். இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே அறை, ஒரே மேசை. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, தாமதப் பதிவேடு மூன்றும் என் பொறுப்பு. எட்டரைக்கு முதல் மணி, பத்து நிமிடம் கழித்து இரண்டாவது மணி. அதற்கும் பிறகு வருகிறவர்கள் என் மேசைக்கு முன் வந்து நின்று பெயர் எழுத வேண்டும். அரை நாள் வராததாகக் கணக்கு. என் ஜன்னல் வாசலைப் பார்த்திருக்கும். அந்த மேடம் கண்கொத்திப் பாம்பு என்று பிள்ளைகள் சொல்வார்களாம். பொய்யில்லை. ஒரே சைக்கிள் ஒரே ஆணியில் வாரத்துக்கு இரண்டு முறை பஞ்சரான கதையையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அப்படிப்பட்ட எனக்கு அவள் கண்ணில் படாமல் இருப்பாளா? ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். சித்தி கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா இறந்துவிட்டார், அப்பா வேறு ஊரில் வேலை, இனி எங்கள் வீட்டில்தான் இருப்பாள் என்று சித்தி சொல்ல, பாதுகாவலர் என்ற கட்டத்தில் நான்தான் சித்தியின் பெயரை எழுதினேன். சித்தி அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்திலிருந்து மேலே ஏறும் ஒரு நீளக் கோடு. அந்தப் பெண் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

பத்தாம் வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் அவள் காவலாளிக்கும் முன்னால் வர ஆரம்பித்தாள். அவர் சாவியோடு வரும்போது அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவர்தான் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்தவர். “கடிகாரம் வந்தாச்சு, கேட்டைத் திறந்துடலாம்” என்பார். அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் அப்படியே சொல்லத் தொடங்கினோம். அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். தினமும் தலை குளித்து ஈரம் காயாமல் வருவாள். சீருடை மடிப்புக் கலையாமல் இருக்கும். கத்தி மாதிரி இஸ்திரி. பை மட்டும் மற்றவர்கள் பையைப் போல இரண்டு மடங்கு. மற்ற பிள்ளைகள் பாதிப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது, இவள் எந்தப் புத்தகம் கேட்டாலும் எடுத்து நீட்டுவாள். மதிப்பெண் அட்டை, சுற்றறிக்கை, சுற்றுலா ஒப்புதல் எதுவானாலும் மறுநாளே சித்தியின் கையெழுத்தோடு வந்துவிடும். பெற்றோர் கூட்டத்துக்கு சித்தி வருவதில்லை. ஆனால் வர முடியாததற்குக் கடிதம் வரும். கோணல் இல்லாத வரிகள், தேதி, பொருள், இப்படிக்கு என்று எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். அதில் ஒன்றை நான் அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தேன். கடிதம் என்றால் இப்படி எழுத வேண்டும், மற்ற பெற்றோரும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று.

இதையெல்லாம் வைத்து நான் என் மனதுக்குள் அவளுக்கு ஒரு வீடு கட்டியிருந்தேன். காலையில் எல்லோரும் நேரத்துக்கு எழும் வீடு. குளிக்க வெந்நீர் வைக்கும் சித்தி. இஸ்திரி போட்டுக் கொடுக்கும் சித்தப்பா. உண்மையான பெற்றோர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? சுவரில் வைத்து, முழங்காலில் வைத்து, தீர்ந்துபோன பேனாவால், தேநீர்க் கறையோடு போடுவார்கள். இத்தனை ஆண்டுகளில் ஒரே மாதிரி இரண்டு கையெழுத்து ஒரே பெற்றோரிடமிருந்து வந்ததில்லை. இவளுடையது மட்டும் ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்தது போல இருந்தது. அது பொய் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்கோ அது ஒழுங்காகத் தோன்றியது. ஒழுங்கைக் கண்டால் நான் அங்கேயே விழுந்துவிடுவேன்.

வீட்டில் என் மகனுக்குச் சாப்பாட்டோடு சேர்த்து அவளையும் ஊட்டினேன். எட்டு மணிவரை போர்வைக்குள் கிடப்பவனிடம், “அந்தப் பொண்ணு இந்நேரம் ஸ்கூல் பெஞ்சுல உக்காந்து படிச்சிட்டிருக்கும்” என்பேன். ஒருநாள் என் கணவர் பொறுக்க முடியாமல், “பேசாம அந்தப் பொண்ணையே இங்க கூட்டிட்டு வந்து வச்சுக்கோ. பின்னாடி ரூம் சும்மாதானே கிடக்கு?” என்றார். நான் சிரித்தேன். “பெத்த மாதிரி வளக்கறவங்க, விட்டுடுவாங்களா?” என்றேன். அந்தப் பின்னறையில் நாங்கள் துணி மட்டும்தான் காயப்போட்டோம்.

ஒருமுறை அவளுக்கு நல்ல காய்ச்சல். நிற்க முடியாமல் வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போட்ட சிறிய அறை உண்டு. “வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடும்மா, போன் பண்ணட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம் மேடம். இங்கயே படுத்துக்கறேன். அட்டெண்டன்ஸ் போயிடும்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீரே வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அன்று எல்லா ஆசிரியர்களிடமும் போய் இதைச் சொன்னேன். நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் ஒருமுறை, “லீவுல ஆபீஸ் திறந்திருக்குமா மேடம்?” என்று கேட்டாள். அதையும் சிரிப்புக் கதையாக ஊரெல்லாம் சொன்னேன். பாருங்கள், லீவில் பள்ளிக்கு வர ஆசைப்படும் பிள்ளை என்று.

அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது புதிய தலைமையாசிரியை வந்தார். வருகை சரிந்துகொண்டே போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். யோசனை என்னுடையது. முழுக்க முழுக்க என்னுடையது. “பிள்ளைங்களுக்குப் பரிசு குடுத்துப் புண்ணியமில்ல மேடம். நேரத்துக்குக் கிளப்பி அனுப்பறது வீட்டுல இருக்கறவங்கதான். அவங்களை மேடையேத்தணும்” என்றேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆண்டு விழாவில், ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளையின் பெற்றோரையோ பாதுகாவலரையோ மேடைக்கு அழைத்துப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பது என்று முடிவானது. முழுப் பள்ளியிலும் அப்படி ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பத்திரத்தில் சித்தியின் பெயரை நானே அழகாக எழுதினேன்.

அதை அறிவித்த மறுநாள் அவள் அலுவலகத்துக்கு வந்து மேசை ஓரத்தில் நின்றாள்.

“மேடம், அந்தப் பரிசை வேற யாருக்காவது குடுத்துடுங்களேன்.”

“ஏன்?”

“சித்திக்கு மேடையெல்லாம் பிடிக்காது.”

“பிடிக்காதுன்னா சொல்லுவாங்க. நான் பேசறேன் உங்க சித்திகிட்ட.”

“வேணாம் மேடம்.” அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். போம்மா போ என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் தாமதமாக வந்தாள். ஆறரைக்கே வாசலில் இருப்பவள், இரண்டாவது மணி அடித்து ஐந்து நிமிடம் ஆனபின் என் மேசைக்கு வந்து, கேட்காமலேயே தாமதப் பதிவேட்டை இழுத்துப் பெயர் எழுதினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். அரை மணி நேரமாக அவள் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை வாசலில்தான் நின்றிருந்தாள். என்ன பிள்ளை இது, பரிசு வேண்டாம் என்று இப்படியொரு பிடிவாதமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் போனதும் அந்தப் பெயரை அடித்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் வந்ததாகக் குறித்தேன். அதுவரை, இதே பள்ளியில் படித்த என் மகனுக்குக்கூட நான் ஒரு நிமிடம் விட்டுக்கொடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமையும் தாமதமாக வந்தாள். புதன்கிழமையும் வந்தாள். மூன்று நாளும் மன்னித்தேன். மன்னிப்பது எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. வியாழக்கிழமை வகுப்பில் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“ஏன் மேடம் வந்ததா போட்டீங்க? நான் லேட்டு. மூணு நாளும் லேட்டு.”

“எனக்குத் தெரியும். உனக்காகத்தான் போட்டேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். அப்படியும் ஒரு முட்டாள் இருக்க முடியுமா? இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் சித்திக்கு அனுப்பிய அழைப்பிதழ் திரும்பி வந்தது. முகவரியில் இல்லை என்று மேலே எழுதியிருந்தது. தபால்காரர் படியேறச் சோம்பல்பட்டிருப்பார் என்று அவரைத் திட்டிக்கொண்டே சனிக்கிழமை பிற்பகல் நானே அழைப்பிதழை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண்மணி இடுப்பில் குழந்தையோடு நின்றார்.

“அவங்களா? காலி பண்ணிட்டுப் போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே. வெளிநாட்டுல வேலை கிடைச்சுதுன்னு குடும்பத்தோட போயிட்டாங்க.”

“அந்தப் பொண்ணு?”

“ஸ்கூல் டிரஸ் போட்டுட்டு வருமே, அதுவா? அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போவாருன்னு சொல்லி விட்டுட்டுப் போனாங்க. கொஞ்ச நாள் சாயங்காலம் வந்து இந்தப் படியில உக்காந்திருக்கும். அப்பா யாரும் வந்த மாதிரி தெரியல. அப்புறம் அதுவும் வரல.” குழந்தை அழுதது. அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

படியிறங்கும்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன். இரக்கம் வரவில்லை. கோபம் வந்தது. இரண்டு ஆண்டுகளாக அத்தனை கையெழுத்தும் பொய். பொய்க் கடிதத்தைப் பலகையில் குத்தி ஊருக்கே காட்டியிருக்கிறேன். என் மேசையில், என் மூக்குக்குக் கீழே, ஒரு சின்னப் பெண் எனக்கு நாமம் போட்டிருக்கிறாள். அவள் எங்கே தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்ற கேள்வி என் தெருவுக்குள் நுழையும்வரை எனக்கு வரவேயில்லை. வந்தபோதும் கோபம் அதை ஓரமாகத் தள்ளிவிட்டது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஒருநாள் பொறுத்து அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் பொறுக்கவில்லை. முதல் பாடவேளையிலேயே அவளை அழைத்து, அவள் கொடுத்த சீட்டுகளையெல்லாம் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். அறையில் வேறு இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

“இது யார் போட்ட கையெழுத்து?”

“நான்தான் மேடம்.” மழுப்பவே இல்லை.

“எங்க இருக்க இப்போ?”

“சலவைக்கடைல” என்றாள்.

“ஓஹோ, அதான் இஸ்திரி மடிப்பு கலையாம இருக்கு” என்றார் ஓர் ஆசிரியர். இன்னொருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரித்தவரை அடக்கவும் இல்லை.

“இறுதித் தேர்வு விண்ணப்பத்துல பாதுகாவலர் கையெழுத்து வேணும். உண்மையான கையெழுத்து. யாராவது பெரியவங்களைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா நான் மேலே எழுதணும்.”

“எழுதினா ஹோமுக்கு அனுப்பிடுவாங்களா?”

“அது அவங்க முடிவு.”

“இந்த ஊர்ல பொண்ணுங்களுக்கு ஹோம் இல்ல மேடம். விசாரிச்சிட்டேன். வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க. பரீட்சைக்கு இன்னும் நாலு மாசம்தான். அதுக்கடுத்த மாசம் எனக்குப் பதினெட்டு முடிஞ்சுடும். அப்புறம் யார் கையெழுத்தும் வேணாம். நாலு மாசம் மட்டும் விட்டுடுங்க மேடம்.”

அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். போன வாரம் மூன்று நாளும், கேட்காமலேயே, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இதே பேனாவால் அவளுக்காக விதியை மீறினேன். அது என் பரிசுக்காக. இப்போது அவள் வாயைத் திறந்து கேட்கும்போது எனக்கு விதி ஞாபகம் வந்துவிட்டது.

“ரூல்னு ஒண்ணு இருக்கும்மா” என்றேன்.

அவள் மேசையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தாள். பிறகு பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அன்று மாலைவரை எல்லாப் பாடத்துக்கும் இருந்தாள். மறுநாள் வரவில்லை.

காலையில் காவலாளி என் ஜன்னலருகே வந்து நின்றார். “கடிகாரம் வரலம்மா” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் அவள் குளிக்கும்போது யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டவரே அவர்தான்.

“தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையேம்மா” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

நான்காம் நாள் சலவைக்கடையைத் தேடிக் கண்டுபிடித்தேன். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை மொத்தமாகத் துவைக்கும் இடம். நீராவியில் சுவரெல்லாம் வியர்த்திருந்தது. அங்கே மேற்பார்வை பார்த்த அக்கா முதலாளி இல்லை. சாவி அவரிடம் இருக்கும், அவ்வளவுதான். மாலையில் முதலாளி போனபிறகு அவளை உள்ளே விடுவார். அவள் விரிப்புகளை மடித்துக் கொடுத்துவிட்டு, உலர்த்தும் அறைக்குப் பின்னால் படுத்துக்கொள்வாள். காலையில் வேலையாட்கள் வருவதற்குள் வெளியேறிவிட வேண்டும். தெரிந்தால் அந்த அக்காவின் வேலை போய்விடும். ஆறரை மணிக்குப் பள்ளி வாசலில் அவள் ஏன் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

“ஸ்கூல்லேர்ந்து ஆள் வரும், உங்களுக்குத் தொல்லை வேணாம்கான்னு சொல்லிட்டுப் போயிட்டா” என்றார் அந்த அக்கா, விரிப்பை உதறிக்கொண்டே.

“எங்க போனான்னு தெரியுமா? அட்ரஸ் ஏதாவது…”

அவர் உதறுவதை நிறுத்தினார். “மூணு வருஷமா தினமும் மூஞ்சியைப் பாத்தீங்க. அப்பல்லாம் கேக்காத அட்ரஸ் இப்ப எதுக்கு?”

நான் வாசல் பக்கம் திரும்பினேன். பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலும். என்னைப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினார். இரண்டு சூடான குழாய்களுக்கு நடுவே ஒரு பலகை. சுவரில், நான் ஆண்டின் தொடக்கத்தில் தட்டச்சு செய்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் விடுமுறைப் பட்டியல் ஒட்டியிருந்தது. ஓரத்தில் பூ வேலைப்பாடெல்லாம் போட்டு நான் ஆசையாகச் செய்தது. பிள்ளைகள் அதில் விடுமுறையைச் சுற்றி வட்டம் போட்டுக் கொண்டாடுவார்கள். அவள் ஒவ்வொரு விடுமுறைக்கு எதிரிலும் பென்சிலால் ஓர் இடம் எழுதியிருந்தாள். நூலகம். ஆஸ்பத்திரி காத்திருக்கும் கூடம், மேல்மாடி மட்டும். ரயில் நிலையம், மதியம்வரை. நூலகம் மூடல், வேறு பார்க்கணும். அரையாண்டு விடுமுறைக்கு எதிரில் இடம் எதுவும் இல்லை. ‘பத்து நாள்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

நான் அந்தப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். அந்த அக்கா ஆறுதல் சொல்லவில்லை. அது சரிதான்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொன்னால் என்னைக் கொஞ்சம் மன்னிக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். தொடர்ந்து பதினைந்து நாள் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும். பதினான்காம் நாள் மருத்துவ விடுப்பு என்று எழுதினேன். அது முடிந்ததும் இன்னொன்று எழுதினேன். தேர்வு விண்ணப்பத்தை நானே நிரப்பி, பாதுகாவலர் என்ற இடத்தில் சித்தியின் கையெழுத்தை, அவள் போட்டிருந்ததைப் பார்த்து, நான் போட்டேன். பழைய தாளில் பத்துப் பதினைந்து முறை பழகிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். ஆண்டு விழாவில் பாராட்டுப் பத்திரம் இரண்டு நாள் மட்டும் விடுப்பு எடுத்த ஒரு பையனின் பெற்றோருக்குப் போனது. நான் கடைசி வரிசையில் நின்று கை தட்டினேன்.

நுழைவுச் சீட்டு வந்ததும் சலவைக்கடைக்கு ஓடினேன். “எப்படியாவது அவளுக்குச் சொல்லுங்க. பேரு இருக்கு, சீட்டு வந்திருக்கு, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. வந்து எழுதினா போதும்.” அந்த அக்கா சொல்லிப் பார்க்கிறேன் என்றார். அவருக்கு அவள் இருக்குமிடம் தெரியும் என்பது அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புரிந்தது. இந்த முறை நான் முகவரி கேட்கவில்லை.

தேர்வன்று ஆறு மணிக்கே வாசலுக்குப் போய்விட்டேன், கையில் நுழைவுச் சீட்டோடு. வினாத்தாள் காவலுக்கு ஒரு பெண் போலீஸ் வந்திருந்தார். அவரிடமும் சொல்லி வைத்தேன். இந்த உயரம், தோளில் பெரிய பை, அந்தச் சாலையிலிருந்துதான் வருவாள், தாமதமாக வந்தாலும் நிறுத்தாமல் உள்ளே விட்டுவிடுங்கள் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். முதல் மணி அடித்தது. இரண்டாவது மணி அடித்தது. கதவைச் சாத்தினார்கள். அவள் வரவில்லை. ஐந்து தேர்வுக்கும் அப்படி நின்றேன். அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்று ஐந்து முறை எழுதினேன்.

அதன் பிறகு எனக்குப் பார்க்கத் தெரிந்துவிட்டது. ஈரத் தலை, பெரிய பை, மாறாத கையெழுத்து. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அப்படி ஐந்து பிள்ளைகளைக் கண்டுபிடித்தேன். அம்மா விட்டுவிட்டுப் போனவன், அப்பா துரத்தியவள், தானாக ஓடி வந்த இருவர், ஒருவன் கடைசிவரை சொல்லவில்லை. யாரையும் மேசைக்கு முன்னால் நிறுத்தவில்லை. தலைமையாசிரியையிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, ஒவ்வொருவருக்கும் ஒரு வழி பார்த்தோம். அதில் ஒருத்தி எங்கள் பின்னறையில் இரண்டு ஆண்டுகள் இருந்தாள். அவர்களுக்கு நான் தெய்வம் மாதிரி. “நீங்க இல்லேன்னா…” என்று அவர்கள் ஆரம்பித்தாலே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு காலை அலுவலகம் திறக்க வந்தால் வாசல் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை.

“என்னைத் தெரியுதா மேடம்?”

“கடிகாரம்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அதுவா என் பேரு? எனக்குத் தெரியாதே” என்று சிரித்தாள்.

வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறாளாம். பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக எழுதலாம் என்று இருக்கிறாளாம். அதற்குப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வேண்டும். இழுப்பறையின் அடியில் ஒன்பது ஆண்டுகளாக வைத்திருந்த நுழைவுச் சீட்டையும் விண்ணப்பப் படியையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் விண்ணப்பத்தில் இருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நான் போட்டதில்லையே.”

“நான் போட்டேன்.”

“கோடு மேல ஏறணும் மேடம். நீங்க பாதியிலயே விட்டுட்டீங்க.” மறுபடி சிரித்தாள். பிறகு சீட்டை மடித்துக்கொண்டே, ஏதோ பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னாள்: “அன்னிக்கு வந்தேன் மேடம்.”

“என்னிக்கு?”

“பரீட்சை அன்னிக்கு. அக்கா சொல்லி அனுப்பிச்சாங்க. அந்த மருந்துக்கடை வாசல் வரைக்கும் வந்துட்டேன். நீங்க கேட்ல நின்னீங்க, கைல ஏதோ பேப்பரோட. பக்கத்துல போலீஸ். நீங்க ரோட்டைக் காட்டிக் காட்டி என்னவோ சொல்லிட்டிருந்தீங்க. என்னைப் பிடிச்சுக் குடுக்கத்தான் வரச்சொல்லி இருக்கீங்கன்னு நினைச்சு அப்படியே திரும்பிட்டேன்.”

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தார்கள். சீட்டைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு நான் என் அறைக்குள் உட்கார்ந்திருந்தால் போதும். காவலாளியைப் பார்த்தால் அவள் வந்திருப்பாள். அன்று வாசலில் என்னைப் பார்த்ததால்தான் போய்விட்டாள். நான் நல்லது செய்வதற்காக நின்ற இடமே அவளுக்குத் தடையாக இருந்திருக்கிறது.

“தப்பு பண்ணிட்டேம்மா. அன்னிக்கு மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடியும். என்னை…”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம். சர்டிபிகேட்டை மட்டும் போட்டுக் குடுத்துடுங்க.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கென்ன உரிமை? படிவத்தை எடுத்து எழுத உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, படித்த வகுப்பு எல்லாம் எழுதி, பள்ளியை விட்டு நீங்கியதற்கான காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதுவதானால் என் பெயரைத்தான் எழுத வேண்டும்.

அவள் மேசைக்கு எதிரிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பெற்றோர் விருப்பம்னு போட்டுடுங்க மேடம். எல்லாருக்கும் அதைத்தானே எழுதுவீங்க?”

பெற்றோர் விருப்பம் என்று எழுதினேன். எழுத்து எப்போதும் போல அழகாகத்தான் விழுந்திருந்தது.